காஸ் இல்லாத பன்னிரண்டாம் மாடி

அவர் கதவைத் தட்டினால் பாதி நாள் எனக்குக் கேட்காது. இரண்டு விரல் நுனியால், கதவுக்கு நோகுமோ என்று பயந்தவர்போலத் தட்டுவார். அழைப்புமணி இருந்தது, அமுக்கமாட்டார். குழந்தை எழும்பிவிடும் என்பார். நான் திறக்கும்போது இரண்டடி பின்னால் தள்ளி நிற்பார், வந்ததே பிழை என்பதுபோல. உள்ளே வரச்சொன்னால் ஒரு காலை மட்டும் வாசலுக்குள் வைப்பார். மற்றக் கால் வெளியே நடைபாதையில் நிற்கும். அரைமணி நேரம் கதைத்தாலும் அப்படித்தான். குளிர்காலத்தில் அவர் வந்து போனபிறகு வீடு திரும்பச் சூடேற நெடுநேரம் எடுக்கும். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நானும் கணவரும் ஆறு மாதக் கைக்குழந்தையுமாக எட்மண்டனில் நகரசபை வாடகைக்கு விடுகிற ஒரு கவுன்சில் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடிக்குக் குடிவந்தோம். பக்கத்து வீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள். எங்களைப்போல யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்களுக்கு நாலைந்து வருடம் முந்தி வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. அவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அவருக்கு இரவில் ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை. பகலில் நித்திரை கொள்ளவேண்டிய மனிதர். ஆனால் அந்தக் கட்டடத்திலிருந்த ஆறேழு தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்புவதிலும், மொழிபெயர்க்கக் கூடப் போவதிலும் பாதிப் பகல் போய்விடும். இரண்டு சுவெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில் பேனை வைத்திருப்பார். அதை எடுக்கக் கழுத்து வழியாகக் கையை விட்டுத் துழாவுவார். துழாவும்போது கண்ணை மூடிக்கொள்வார். சிலவேளை அப்படியே நின்று நித்திரையாகிவிட்டாரோ என்று தோன்றும்.

அக்காவுக்கு ஒரு ஆஸ்பத்திரியின் லோண்டறியில் துணி வெளுக்கிற வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஏழு மணிக்குத்தான் வருவார்.

அந்தக் கட்டடத்துக்குக் காஸ் இல்லை. முன்பு எங்கோ ஒரு மாடிக்கட்டடத்தில் காஸ் வெடித்து ஒரு பக்கமே சரிந்ததாம். அதிலிருந்து இப்படியான கட்டடங்களுக்குக் காஸ் குழாய் கொடுப்பதில்லை என்று சொன்னார்கள். கீழே தெருவில் வரிசை வீடுகளின் சுவர்களிலிருந்து, காஸில் வீட்டைச் சூடாக்குகிற பொயிலரின் வெள்ளை ஆவி வந்துகொண்டிருக்கும். குசினி யன்னலில் நின்று அதைப் பார்ப்பேன். எங்களுக்கு வெறும் கரண்ட்தான். வீட்டைச் சூடாக்கத் தரைக்குக் கீழே கரண்ட் கம்பி பதித்திருந்தார்கள். கட்டிய காலத்தில் அது பெரிய புதுமையாக இருந்திருக்கும். நாங்கள் போனபோது பாதி வீடுகளில் கம்பி செத்துப்போயிருந்தது. எங்கள் ஹோலில் யன்னலோரமாக ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தரை சுட்டது. குழந்தையின் கூடையை அதிலே வைத்துவிட்டு நானும் வெறுங்காலோடு பக்கத்தில் நிற்பேன்.

குடிவந்த இரண்டாம் நாள் அவர் ஒரு மின் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"நாங்கள் சமாளிப்பம், தங்கச்சி," என்றார்.

'சமாளிப்பம்' என்ற அந்தச் சொல்லை முதல்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு கிழமை கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். சூட்டுக்காக ஓவனின் கதவைத் திறந்துவிட்டு, கோட்டைப் போட்டபடி நின்று கறி கிளறிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரு ஹீட்டர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. உடனே கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

"வேண்டாம், பிள்ளை இருக்கிற வீடு. என்னட்டைக் கேட்டிருந்தால் நானும் குடுக்கத்தான் சொல்லியிருப்பன்," என்றார் அக்கா. "ஆனால் கேக்கேல்லை."

பிறகு அந்தச் 'சமாளிப்பம்' என்ற சொல்லை எத்தனையோ தடவை கேட்டேன். புதிதாக வந்த இரண்டு இளைஞர்களை அண்ணை தன் வீட்டில் ஏழு மாதம் வைத்திருந்தார். அக்கா தன்னுடைய வீட்டிலேயே குளியலறைக்கு வரிசையில் நின்றார். யாராவது கேட்டால் அண்ணை சொல்லும் பதில் ஒன்றுதான்: நாங்கள் சமாளிப்பம். ஒருமுறை அக்காவுக்கு வயிற்றில் சின்ன ஒப்பரேஷன். அதே நாளில் ஏழாம் மாடியில் இருந்த ஒருவருக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. அக்காவுக்கு ஓரளவு வரும். அண்ணை ஏழாம் மாடிக்காரரோடு போனார். அன்று பின்னேரம் நான் குழந்தையோடு கீழே லிப்டுக்கு நிற்கும்போது அக்கா பஸ்ஸால் இறங்கி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்துவந்தார். லிப்டில் சுவரோடு சாய்ந்து நின்றார். பன்னிரண்டாம் மாடியில் இறங்கும்போது, குழந்தைக்குச் சளி எப்படி என்று கேட்டார்.

குழந்தைக்குச் சளி போகவேயில்லை. மூச்சு விடும்போது நெஞ்சில் பூனை கத்துவதுபோலச் சத்தம் வரும். சூட்டுக்கு வழி தேடுவது அந்தக் கட்டடத்தில் அவரவர் பாடாக இருந்தது. சிலர் களவாக மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்திருந்தார்கள். அது எரிய எரியச் சுவர் வியர்த்து மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். நாங்களும் ஒன்று வாங்கினோம். அண்ணைதான் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு இந்த ஈரம் கூடாது, நிற்பாட்டுங்கோ என்றார். காஸ் சிலிண்டரில் எரிகிற ஹீட்டர் வாங்கலாமா என்று கணவர் கேட்டதற்கு, அது இந்தக் கட்டடத்தில் தடை, பிடிபட்டால் வீடே போகும் என்றார். சாதாரண மின் ஹீட்டரை நாள் முழுக்கப் போட்டால் பில் கட்ட ஏலாது. எதற்கும் என்ன குறை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எதை வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் குளிர்காலம் முடிகிற நேரம் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. தரைச் சூட்டைக் கைவிட்டுப் புதிய ஹீட்டர்கள் போடப்போகிறார்கள். இரண்டு வகை. எது வேண்டும் என்று வீட்டுக்கு ஒரு படிவம் அனுப்பவேண்டும். கூடுதலான வீடுகள் எதைக் கேட்கின்றனவோ அதையே எல்லா வீடுகளுக்கும் போடுவார்கள். கம்பி முழுக்க மாற்றவேண்டியிருப்பதால் வீட்டுக்கு வீடு வேறாகப் போட முடியாதாம்.

கீழ்மாடி மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒரு அதிகாரி வந்து விளக்கினார். அண்ணை எங்களுக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். முதலாவது வகை ஸ்டோரேஜ் ஹீட்டர். உள்ளே செங்கல் அடுக்கிய கனமான பெட்டி. இரவில் கரண்ட் மலிவான நேரத்தில் கல் சூடேறும். பகல் முழுக்க அந்தச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். பின்னேரமானால் ஆறிவிடும். இரண்டாவது, சுவரில் பூட்டுகிற மின் ஹீட்டர். போட்டவுடன் சுடும், நிற்பாட்டினால் நிற்கும், ஆனால் செலவு கூட. ஒரு கிழவி, எது நல்லது என்று கேட்டார். அதிகாரி, அது நீங்கள் எந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது என்றார்.

அண்ணை அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டார். அடுத்த இரண்டு கிழமையும் நித்திரையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய், பகலில் ஆர் நிற்கிறது, இரவில் ஆர் நிற்கிறது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதினார். தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அவர் போடச்சொன்ன பெட்டியில்தான் புள்ளடி போடும். அது எனக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு ஒரு மத்தியானம் வந்தார். வழக்கம்போல ஒரு கால் உள்ளே. குழந்தை இருமிக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க நானும் பிள்ளையும் மட்டும்தான் என்றேன். கணவர் வரும்போது நாங்கள் இரண்டு பேரும் போர்வைக்குள் போய்விடுவோம், எங்களுக்குப் பகலில்தான் சூடு வேண்டும் என்றேன். அவர் எழுதிக்கொண்டு, வீட்டிலை அக்கா சுவர் ஹீட்டரைத்தான் கேட்கிறா, அவ வேலையால வாற நேரம் இந்தக் கல் ஆறிப்போய்விடும் என்று இழுத்தார்.

அப்போது நான் சொன்னது இன்றைக்கும் என் வாய்க்குள் கிடக்கிறது.

"அக்கா பகல் முழுக்க லோண்டறிச் சூட்டுக்குள்ளைதானே அண்ணை நிக்கிறா," என்றேன். "இந்தப் பிள்ளைக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் சொன்னால் எல்லாரும் கேப்பினம்."

அவர் கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்தார். பிறகு ஓம் என்றார்.

ஸ்டோரேஜ் ஹீட்டர்தான் வந்தது. நாலு வீடுதான் வித்தியாசம் என்று சொன்னார்கள். தமிழ்க் குடும்பங்கள் மாற்றிப் போட்டிருந்தால் மற்றது வந்திருக்கும். இலையுதிர்காலத்தில் வேலையாட்கள் செங்கல்லைச் சாக்குகளில் லிப்டில் ஏற்றிவந்து பெட்டிகளுக்குள் அடுக்கினார்கள். முதல் நாள் தூசு கருகும் மணம் வந்தது. அடுத்த நாள் காலை நான் எழும்பியபோது வீடு முழுக்கச் சூடாக இருந்தது. அந்த வருடம் என் மகள் நெஞ்சுச் சத்தமில்லாமல் ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தாள். வெறுங்காலோடு வீடெல்லாம் ஓடித் திரிந்தாள்.

முதல் குளிர் வந்த கிழமையில் ஒரு நாள் பின்னேரம் அக்காவுக்குச் சோறு கொடுக்கப் போயிருந்தேன். அவர் அப்போதுதான் வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமல் ஹீட்டரின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அது இளஞ்சூட்டைத் தாண்டி ஆறியிருந்தது. அக்காவின் கைவிரல்கள் குளிரில் வீங்கிச் சிவந்திருந்தன. அண்ணை வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கும் வயதுபோன ஆட்களுக்கும் இதுதான் வசதி, நீர் பகல் முழுக்க லோண்டறிச் சூட்டுக்குள்ளைதானே நிக்கிறீர், நாங்கள் எப்படியும் சமாளிப்பம் என்றார். நான் சோற்றுச் சட்டியோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா சத்தம் போடவில்லை.

"நாங்கள் எண்டு சொல்லாதேங்கோ," என்றார். "குளிருறது எனக்கு. நீங்கள் வேலைக்குப் போயிடுவியள். இத்தினை வருசமாச் சமாளிச்சது நான்."

அண்ணை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனார். நான் கேட்டதால்தான் அப்படிச் செய்தேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அக்கா குளிரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தை மாதம் ஒரு நாள் லிப்டில் கண்டபோது, இப்ப பின்னேரத்திலும் சூடு நிற்கிறது, கல் பழகிவிட்டதாக்கும், நான்தான் அவசரப்பட்டுக் கதைத்துவிட்டேன் என்றார். எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கே ஆறிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தில் இருந்த ஆறுதலைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, ஒரு கடிதம் வாசிப்பிக்க மத்தியானம் இரண்டு மணிபோல் அவர்கள் கதவைத் தட்டினேன். அண்ணை திறந்தார். கோட், கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் போட்டிருந்தார். அவர் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. உள்ளே வெளிநடைபாதையைவிடக் குளிர். ஹீட்டர் பழுதா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு வேறு வழியில்லாமல் சொன்னார். ஹீட்டரின் மேலே சூட்டைத் திறந்துவிடுகிற திருகு ஒன்று உண்டு. காலையில் வந்தவுடன் அதை இறுக்கி மூடிவிட்டுக் கோட்டோடு படுப்பாராம். பின்னேரம் ஆறரைக்குத் திறப்பாராம். அக்கா வந்து சேரும்போது வீடு சூடாக இருக்கும்.

"அவவுக்குத் தெரியவேண்டாம்," என்றார். "தெரிஞ்சால் விடமாட்டா."

எனக்குக் களைப்பாக இருந்தது. அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க, அவருக்காக இரங்குவதா கோபப்படுவதா என்று தெரியாத ஒரு களைப்பு. கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் சூடு முகத்தில் அடித்தது. ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

மாசி மாதம் அவருக்கு நியுமோனியா வந்தது. காவல் வேலைக்குப் போன இடத்தில் விழுந்து, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் நான் பார்க்கப் போனபோது அக்கா வார்ட்டுக்கு வெளியே கதிரையில் இருந்தார். வீட்டில் போதுமான சூடு இருக்கிறதா என்று டொக்டர் கேட்டாராம். ஓம், ஒவ்வொரு நாளும் வீடு நல்ல சூடு என்று தான் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் ஏலவில்லை. திருகைப் பற்றிச் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன்.

அக்கா எழும்பி உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அண்ணையின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். அதைச் செய்துகொண்டேதான் பேசினார்.

"ஆளுக்குப் பாதிச் சூட்டிலை இருந்திருக்கலாம்," என்றார். "நீங்கள் பகலிலை பாதி, நான் பின்னேரத்திலை பாதி. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் அவ்வளவுதான். எனக்குக் குளிரவேண்டும் எண்டும் நீங்கள்தான் முடிவெடுத்தனீங்கள். குளிரக்கூடாது எண்டும் நீங்கள்தான் முடிவெடுத்தனீங்கள்."

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். அழுதாரா, காய்ச்சலா என்று எனக்குத் தெரியாது.

அவர் தேறி வர ஆறு கிழமை எடுத்தது. அதற்குள் அக்கா, லோண்டறியில் கூட வேலைசெய்த ஒருத்தி மூலம் மனோர் பார்க் பகுதியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டார். காஸ் உள்ள வீடு. நான் பார்த்துவிட்டேன், நீங்கள் வருகிறீர்களா என்று மட்டும் அண்ணையிடம் கேட்டதாக என்னிடம் சொன்னார். அவர் வந்தார். அவர்கள் போன அன்று கட்டடத்துத் தமிழ்ச் சனம் முழுக்கக் கீழே வந்து நின்றது. இனிமேல் படிவத்துக்கு ஆரிட்டைப் போறது என்று ஏழாம் மாடிக்காரர் என்னிடம் கேட்டார். 

அடுத்த வருடம் அந்தப் பக்கத்து முருகன் கோயிலுக்குப் போன ஒரு நாள், மகளையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சின்ன வரிசை வீடு. ஒவ்வொரு அறையிலும் யன்னலுக்குக் கீழே காஸில் சுடுகிற ரேடியேட்டர். அக்கா மெல்லிய சேலையோடு நின்றார். அவரைக் கோட் இல்லாமல் குளிர்காலத்தில் அன்றுதான் பார்த்தேன். விரல்கள் பழையபடி மெலிந்திருந்தன. அண்ணை ஹோலில் கதிரையில் இருந்தார். ஒரே ஒரு சட்டை. பாதி ஆளாகிவிட்டார்போல் இருந்தது. காவல் வேலையை விட்டுவிட்டார். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, இருமல் இருக்கிறதா என்று கேட்டார்.

குசினியில் அக்கா தேத்தண்ணி ஊற்றும்போது, இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னேன். அன்றைக்கு அண்ணையை மாற்றியது நான்தான், லோண்டறிக் கதையும் நான் சொன்னதுதான் என்றேன். 

அக்கா சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார். "அவர் அப்பிடிக் கதைக்கிற மனிசன் இல்லை. நீர் கேட்டனீர், ஓம் எண்டார். வேறை ஆர் கேட்டிருந்தாலும் ஓம் எண்டிருப்பார். இந்த உலகத்திலை அவரால இல்லை எண்டு சொல்ல ஏலுமாயிருந்தது எனக்கு மட்டும்தான்."

நான் கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்தேன். அப்போது நடையில் ரெலிபோன் அடித்தது. அக்கா போய் எடுத்தார். மறுபக்கத்தில் யாரோ நீளமாகப் பேசினார்கள். எட்மண்டனிலிருந்து என்று விளங்கியது; நாளைக்கு அண்ணை யாரையோ கூட்டிக்கொண்டு எங்கோ போகவேண்டும் போல. அக்கா கடைசிவரை கேட்டார்.

"இல்லை, தம்பி. அவருக்கு ஏலாது," என்றார். குரலில் கோபம் இல்லை. "வேறை ஆரையும் பாருங்கோ." ரெலிபோனை வைத்துவிட்டார்.

ஹோலிலிருந்து அண்ணை, ஆர் என்று கேட்டார். அக்கா சொன்னார். என்ன பதில் சொன்னார் என்பதையும் சொன்னார். அவர் கதிரையின் கைகளைப் பிடித்து எழும்பப் பார்த்தார். எழும்பிப் போய் அவர் திரும்பப் போன் எடுப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கைகள் அப்படியே நின்றன. கொஞ்ச நேரத்தில் பின்னால் சாய்ந்துகொண்டார். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தபோது கண் மூடியிருந்தது. மகள் அவர் காலடியில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணை வாய் லேசாகத் திறந்து, ஆழமான நித்திரை. எத்தனையோ வருடப் பகல்களின் நித்திரையை அந்த மனிதர் அந்தக் கதிரையில் கொள்கிறார்போல இருந்தது.

அக்கா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நான் மகளைத் தூக்கிக்கொண்டேன். கதவை மெல்லச் சாத்திவிட்டு, அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்தேன்.